ஒரு வேலையும் செய்யமாட்டன்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் அப்பாவை நியூசிலாந்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒடாஹுஹு என்கிற புறநகரில் நாங்கள் குடியிருப்பது ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக நிற்கும் மூன்று சின்ன வீடுகளில் நடுவீடு. இடது பக்கம் யாழ்ப்பாணத்துத் தம்பதி, வலது பக்கம் டோங்கா நாட்டு அம்மா ஒருவர். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம், முதல் பிள்ளை. ஒருநாள் டீ குடிக்க வந்தவளிடம், தமிழ்நாட்டில் நான் வரலாறு படித்ததையும் பாதியில் விட்டுவிட்டு வந்த ஆராய்ச்சியையும் பற்றி அளந்துகொண்டிருந்தேன். பழைய காலத்துச் சோதனைச் சாவடிகள்தான் என் ஆராய்ச்சி. போட்டோ கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. வெயிலில் கறுத்த ஒருவன் மூட்டையோடு வந்து நிற்கிறான். அவன் குடியானவனா, வியாபாரியா, ஓடிவந்தவனா, சொல்லிவிட்டு வந்தவனா என்று சாவடிக்காரன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பது.

அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். "அப்ப அக்கா, எயார்போட்டில என்ன என்ன கேப்பினம் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

நான் படித்தது ஒல்லாந்தர், அதான் டச்சுக்காரர், காலம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. "எந்தக் காலமா இருந்தா என்ன, கேக்குறவன் ஒரே மாதிரிதான் கேப்பான்" என்றேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

அவளுடைய அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைப்பேறு பார்க்க வருவதற்கு ஊரில் மிச்சம் இருந்தது அப்பா மட்டும்தான். அப்பாவா வந்து பத்தியச் சாப்பாடு போடப்போகிறார் என்று எங்கள் கோவில் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் போடுவார். அவருடைய மனைவிக்கு மூன்று பிரசவத்துக்கும் அம்மியில் அரைத்துக் காய்ச்சிக் கொடுத்தது அவர்தானாம். தோட்டக்காரர். தோட்டம் என்றால் நம் ஊர் மாதிரி ரோஜாத் தொட்டி இல்லை. யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகிற வயல்தான். விசிட்டர் விசா கிடைத்துவிட்டது. ஆனால் விசா இருந்தாலும் இங்கே வந்து இறங்கியதும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்கலாம், பதில் பிடிக்காவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடலாம். யாரோ ஒருவருடைய மாமனாரை அப்படித் திருப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையா பொய்யா தெரியாது. அந்தக் கதை அவளைத் தூங்கவிடவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா வராட்டி நான் தனிய என்னக்கா செய்வன்" என்று கேட்டாள்.

சரி, ஒத்திகை பார்த்துவிடலாம் என்றேன். வீடியோவில் அவர் யாழ்ப்பாணத்தில் இருப்பார், நான் எங்கள் சமையலறை மேசையில் அதிகாரி. எனக்கு அது புதிய வேலையும் இல்லை. பாட்டனி டவுன்ஸ் பகுதியில் ஒரு பெரிய கடையில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கான கவுன்டரில்தான் என் பிழைப்பு. பெட்டியைத் திறந்தீர்களா, உபயோகித்தீர்களா, ஏன் திருப்புகிறீர்கள். பொய் சொல்கிறவர் எப்போது மூக்கைத் தொடுவார் என்று எனக்குத் தெரியும்.

முதல் ஒத்திகையிலேயே என் மானம் போனது.

"பையில என்ன கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சரக்கு" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

எங்கள் ஊரில் சரக்கு என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் ஒரு தெருவாவது நடந்தவர்களுக்குத் தெரியும். நான் சிரித்துத் தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டேன். "ஐயா, எவ்வளவு பாட்டில்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மகள்தான் இடையில் புகுந்து விளக்கினாள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் வறுத்து இடித்த தூள். பிள்ளை பெற்றவளுக்குக் கறி காய்ச்சப் போடுவது. அதற்குப் பெயர் அங்கே சரக்கு. எங்கள் ஊரில் அதே சொல் சாராயக்கடைக்குப் போய்விட்டது. விமான நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக எங்கள் ஊர்க்காரர் யாராவது போனில் வந்தால் தீர்ந்தது கதை. "ஐயா, மசாலாத் தூள்னு சொல்லுங்க" என்றேன். "பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?" என்றார். சரக்கை மசாலா என்பது அவருக்குப் பொய்.

அந்த மனிதரின் குணம் எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. "இங்க வந்து வேலை செய்வீங்களா?"

"செய்யாமல்?" என்றார். "சும்மா இருந்து சாப்பிடுறதே?"

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவளுடைய புருஷன் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து எங்கள் சோபாவில் அரைத்தூக்கத்தில் கிடந்தவன், எழுந்து உட்கார்ந்துவிட்டான். விசிட்டர் விசாவில் வருகிறவர் வேலை செய்யக்கூடாது, வேலை செய்வேன் என்று வாயால் சொன்னால் உள்ளேயே விடமாட்டார்கள் என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"அப்ப, நான் ஒரு சோம்பேறி எண்டு சொன்னாத்தான் விடுவினமோ?"

நான் அதிகாரி மாதிரியே பேப்பரைப் பார்த்தேன்.

அன்று எல்லோரும் போன பிறகு ஆராய்ச்சிக்காக எடுத்த என் பழைய ஜெராக்ஸ் கட்டை எடுத்துப் பார்த்தேன். பத்து வீடு மாறியும் அதை நான் தூக்கிப் போடவில்லை, ஏன் என்று என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. இந்தப் பெரியவரின் ஊர்க்காரர்களைப் பற்றித்தான் அதில் பாதி. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக் குடியானவன் வருஷத்தில் குறிப்பிட்ட நாட்கள் கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். அதற்கு மேல் தலைவரி. தாங்க முடியாதவர்கள் தெற்கே வன்னிக்கு ஓடினார்கள். வன்னியில் காடும் நிலமும் இருந்தது, கேட்பார் கிடையாது. அந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போகும் வழியான ஆனையிறவில் காவல் போட்டார்கள். சீட்டு இல்லாமல் தாண்ட முடியாது. யார் எந்த ஊர், யாருடைய நிலம், என்ன ஊழியம் என்பதெல்லாம் தோம்பு என்கிற பதிவேட்டில் இருந்தது. ஆனால் பதிவேட்டில் பெயர்தான் இருக்கும், முகம் இருக்காதே. சாவடியில் நின்றவன் என்ன செய்வான்? கேள்வி கேட்பான். எந்த ஊர், யார் உன் தலைமைக்காரன், எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய். கையைப் பார்ப்பான், தழும்பைப் பார்ப்பான், பேச்சைக் கேட்பான். உலகத்தில் மற்ற இடங்களிலும் அந்தக் காலத்தில் இதே முறைதான், நான் படித்த வரையில். மண்ணில் உழைக்கிறவனை உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். காய்த்துப்போன உள்ளங்கையை எந்தச் சட்டைக்குள் மறைப்பது?

அன்றைக்குச் சாவடிக்காரன் பிடித்தது வேலையை விட்டு ஓடுகிறவனை. இன்றைக்கு மேசைக்காரர் தேடுவது வேலை செய்ய வருகிறவனை. தலைகீழாகத் தெரியும். யோசித்தால் இரண்டும் ஒரே கேள்விதான். இந்தக் கை யாருக்குச் சொந்தம்? குடியானவனைக் கேட்டால் என் கை எனக்குச் சொந்தம் என்பான். அந்த ஒரு பதிலைத்தான் எந்தச் சாவடியும் ஏற்றுக்கொண்டதில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, அது வேறு விஷயம்.

நாலாவது ஒத்திகையில் அவர் வழிக்கு வந்தார். வரவழைத்தது மருமகன். அவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கான விண்ணப்பம் அப்போதுதான் போயிருந்தது. "மாமா, நீங்கள் அங்க நிண்டு சொல்லுறது கவுண்மேந்துக்குச் சொல்லுறது. கோட்டில சத்தியம் பண்ணுற மாதிரி. சொன்ன சொல் பிழைச்சா எங்கட விசாவுக்கும் பிரச்சினை வரும்" என்று பயமுறுத்திவிட்டான். பெரியவருக்குப் பின்னால் கிணற்றடியில் யாரோ வாளி உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பிள்ளையின்ர விசா எண்டா நான் சொல்லுறன்" என்றார். சொல்லியும் காட்டினார். "நான் வேலை செய்யமாட்டன்." பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. நாங்கள் கை தட்டினோம்.

ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. சிசேரியன். பெண் குழந்தை. அவர் வந்து இறங்கியபோது அதற்கு மூன்று வாரம். மகளால் வர முடியாது என்று மருமகனும் நானும் விமான நிலையத்துக்குப் போனோம். ஒரே மழை. அவர் வந்த விமானத்துக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து, கட்டிப்பிடித்து, அழுது, காரில் ஏறிப் போய்விட்டார்கள். பிறகு வேறு ஒரு விமானத்துக்காரர்களும் வந்து போனார்கள். மருமகன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். மகள் போன் மேல் போன். "வந்திட்டாரோ? அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ, விடமாட்டமெண்டு சொல்லிட்டினமோ?" பின்னால் குழந்தையின் அழுகை. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

வந்தார். ஒல்லியான மனிதர், புதுச் சட்டை, தோளில் பை. மருமகன் ஓடிப்போய்ப் பையை வாங்கினான்.

காரில் ஏறியதும் கேட்டோம், என்ன கேட்டார்கள் என்று. "தங்கமான பெடியன்" என்றார் அந்த அதிகாரியை. சரக்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தானாம். போனில் ஒரு பெண் தமிழில் கேட்டாளாம், வேலை செய்ய வந்தீர்களா என்று. இல்லை என்றாராம். யார் வீட்டிலாவது வீட்டு வேலை செய்ய வந்தீர்களா என்றும் கேட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க ஐயா?"

"வீட்டு வேலையும் செய்யமாட்டன், தோட்ட வேலையும் செய்யமாட்டன், ஒரு வேலையும் செய்யமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். "அவள் அதை அவனுக்கு இங்கிலீசில சொன்னவள். அவன் தலையாட்டினவன்."

மருமகன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான். நூற்றுக்கு நூறு என்று நான் விரலைக் காட்டினேன். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மழையில் நனைகிற புல்வெளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தோம்.

களைப்பு இல்லை. அவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் நான் போனபோது, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். அவர் ஹாலில் நாற்காலி நுனியில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரக்குப் பொட்டலம் மேசைமேல் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. குழந்தை அழுதால் மட்டும் எழுந்துபோய்த் தூக்குவார். பேத்தியைத் தூக்குவது வேலையில் சேராது என்று அவரே ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். மற்றதுக்கெல்லாம் சந்தேகம். சந்தேகம் தீர்க்க வேண்டிய இடம் நான்தான், ஒத்திகையில் அதிகாரியாக இருந்தவள் அல்லவா.

"பிள்ளை, தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறது வேலையோ?"

"இல்லைங்க ஐயா."

"கோப்பை கழுவுறது?"

"ஐயா, அதெல்லாம் வேலையே இல்லை. அவங்க கேட்டது சம்பளத்துக்குச் செய்யுற வேலை. வீட்டு வேலைன்னா அடுத்தவங்க வீட்ல ஆளா நிக்குறது."

"ஆனா நான் ஒரு வேலையும் எண்டு சொன்னனான். நீங்கள் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான்."

என்ன சொல்லியும் எடுபடவில்லை. மகள் சொன்னாள், மருமகன் சொன்னான், நான் அரசாங்க வெப்சைட்டையே எடுத்துப் படித்துக் காட்டினேன். இங்கிலீஷில் எழுதியிருப்பதைக் காட்டி நான் என்ன சொன்னாலும் தெரியாதே என்று அவருக்கு ஒரு எண்ணம். தான் ஒரு சின்னப் பிழை விட்டால் பிள்ளையின் விண்ணப்பம் போய்விடும், மூன்று வாரக் குழந்தையோடு அவளை ஏற்றிவிடுவார்கள் என்று நம்பினார். ஊரில் யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளைப் பார்த்தே வயதானவர். கொடுத்த பதிலை மாற்றுகிறவனுக்கு அங்கே என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து மகள் ரகசியமாகச் சொன்னாள். அப்பா பாதிச் சோறுதான் சாப்பிடுகிறாராம். கேட்டால், "வேலை செய்யாதவனுக்கு அரை வயிறு காணும்" என்கிறாராம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடவே எரிச்சலும் வந்தது. இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா!

இதற்கிடையில் டோங்கா அம்மா வேறு. மழை விட்ட ஒரு காலையில் அவர் தன் பக்கத்து மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார், வசந்தத்துக்குக் கிழங்கு ஊன்ற. முழங்கால் வலி உள்ளவர், மண்வெட்டியை ஊன்றி ஊன்றி நிமிர்ந்துகொண்டிருந்தார். பெரியவர் வேலிக்கு இந்தப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவருடைய தோள் மட்டும் ஒவ்வொரு கொத்துக்கும் அசைந்தது. அந்த அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தபடி மண்வெட்டியை நீட்டினார். இவர் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நோ வேர்க்! நோ வேர்க்!" என்றார்.

அந்த அம்மா புரிந்துகொண்டது வேறு. பாவம், வேலை போன மனிதர். மத்தியானம் ஒரு பெரிய பெட்டி வந்தது. ரொட்டி, டப்பா மீன், கிழங்கு, ஒரு கம்பளிச் சட்டை. சர்ச்சில் சொல்லி வேறு ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவு நல்ல மனசு. நான் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பெரியவர் முன்னால் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என்ர வாழ்க்கையில ஒருத்தரும் எனக்குப் பிச்சை போட்டதில்லை" என்றார். "அந்த மனுசி முழங்காலோட கொத்த, நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்கு இந்தத் தண்டனை காணாது."

என் ஜெராக்ஸ் கட்டில் ஒரு குறை எப்போதும் என்னை உறுத்தும். அதில் தப்பி ஓடியவர்களைப் பற்றி இருக்கிறது, பிடிபட்டவர்களைப் பற்றி இருக்கிறது, அவர்களைத் திருப்பிக் கொண்டுவர எழுதிய உத்தரவுகள் இருக்கின்றன. ஓட நினைத்து ஓடாமல் நின்றவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. சாவடியில் நின்ற காவலர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற எண்ணிக்கைதான் இருந்திருப்பார்கள். சுற்றிலும் ஆழமில்லாத உப்புத் தண்ணீர்க் களப்பு, காடு, எங்கே வேண்டுமானாலும் இறங்கி நடந்திருக்கலாம். ஆனாலும் பெரும்பாலானவர்கள் நடக்கவில்லை. அது ஏன் என்று என் பேராசிரியர் கேட்டபோது, பயம் என்று ஒற்றை வார்த்தையில் எழுதிக் கொடுத்தேன். இந்தப் பெரியவரைப் பார்த்த பிறகு அது பத்தாது என்று தெரிகிறது. பயமும் உண்டு. அதோடு, ஊரில் இருக்கிற தன் ஆட்களுக்குத் தன்னால் ஒன்றும் வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் உண்டு. சொன்ன சொல் தவறக் கூடாது என்ற வைராக்கியம் உண்டு. ஒரு மனிதனிடம் இருக்கிற நல்ல குணங்கள் எல்லாம் சேர்ந்து அவனுக்குக் காவல் நிற்கும்போது, சாவடிக்காரன் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். எங்கள் பக்கத்து வீட்டு ஹாலில், நாற்காலி நுனியில், அந்தச் சாவடி உட்கார்ந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் போனபோது மகள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அதன் மேல் ஒன்றும் வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். மருமகன் ஒடாஹுஹு கடையில் ஸ்னாப்பர் மீன் வாங்கிச் சுத்தம் செய்து வைத்துவிட்டு, பகலுக்கும் ஷிப்ட் இருந்ததால் ஓடியிருந்தான். குழந்தை என் தோளில். பெரியவர் வழக்கம்போல ஹாலில்.

நான் என்னம்மா என்றேன். அவள் என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னாள். ஆனால் உரக்கச் சொன்னாள்.

"என்ர அப்பா வரேல்லை அக்கா. நான் ராத்திரி பகலா என்ர அப்பா வருவார் வருவார் எண்டு இருந்தன். வேற ஆரோ வந்திருக்கினம். என்ர அப்பாவை எயார்போட்டில மறிச்சு வைச்சிட்டு, அவற்ற சட்டையைப் போட்ட ஒருத்தரை அனுப்பிவிட்டிருக்கினம்."

ஹாலில் நாற்காலி ஒரு முறை கிரீச்சிட்டது. அவர் எழவில்லை. அந்தச் சின்ன வீட்டில் அடுப்படியில் பெருமூச்சு விட்டாலே ஹாலில் கேட்கும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இவளைத் தேற்றுவதா, அவரைப் போய்த் திட்டுவதா. திட்டத்தான் நினைத்தேன். குழந்தை தோளில் இருந்ததால் குரலை உயர்த்த முடியவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். தையல் இழுத்ததோ என்னவோ, முகம் சுருங்கியது. பிறகு ஐந்து வயதுப் பிள்ளை கூப்பிடுகிற மாதிரி ஒரு குரலில் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்குப் பசிக்குது."

ஹாலில் நாற்காலி மறுபடியும் கிரீச்சிட்டது.

"அப்பா. பசிக்குது."

அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். நான் சந்தர்ப்பத்தை விடவில்லை. "ஐயா, பெத்த பொண்ணுக்குச் சமைக்குறது எந்த நாட்டுச் சட்டத்துலயும் வேலை ஆகாது. அந்த அதிகாரியே இங்க நின்னாலும்..." என்று ஆரம்பித்தேன்.

"பிள்ளை, நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றார் என்னைப் பார்க்காமல். "பசிக்குது எண்டுறாள்."

இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார். கையைக் கழுவினார், முழங்கை வரை, நிதானமாக. பொட்டலத்தைப் பிரித்தார். பூண்டை உரித்து, மிளகைத் தட்டி, சரக்குத்தூளைத் தண்ணீரில் கரைத்து, மீனைப் போட்டு மூடினார். எது எங்கே இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. வந்த நாள் முதல் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைத்திருந்தார். கொதி வந்ததும் வீடு முழுக்க மணத்தது. எங்கள் வீட்டில் யாருக்காவது பிரசவம் என்றால் வரும் அதே மணம்தான், பெயர்தான் வேறு. குழந்தை என் தோளில் தும்மியது.

மகளைத் தரையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார். சோற்றைக் குழைத்து, மேலே குழம்பை ஊற்றி, முள் எடுத்து முன்னால் வைத்தார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினாள். அவர் போட்டார். அவள் இரண்டாவது முறை சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் பயம் இருந்தது, நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"எயார்போட்டில கேட்டவைக்கு அறிவிக்கோணும் எண்டா அறிவியுங்கோ பிள்ளை. இவளின்ர தகப்பன் வந்து சேந்திட்டான் எண்டு சொல்லுங்கோ."